‘எனக்கு நண்பர்களே இல்லை’ என்று மகன் சொன்னால்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மதுரையில் ப்ளஸ் டூ படிக்கிறான். சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறிந்துவிட்டார்கள். நன்றாகப் பேசுவான், படிப்பான், ரயில் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் வகுப்பில் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. போன வாரம், ‘எனக்கு நண்பர்களே இல்லை’ என்று சொன்னான். பழகுவதற்கென்று ஏதாவது பயிற்சி வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா? என் தம்பிக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் போவதும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) இருக்கிறது. அவனுக்கு 30 வயதாகிறது. பள்ளி நண்பர்களெல்லாம் விலகிப்போய் அவனும் தனியாகத்தான் இருக்கிறான். இருவருக்கும் என்ன செய்யலாம்?

பதில்:

அம்மா, மகன் அப்படிச் சொன்ன இரவில் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. ஆனாலும் அவன் சொன்னதில் நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. தனிமை வலிக்கிறது என்று உணர்ந்து, அதை வாய்விட்டுச் சொல்லவும் அவனால் முடிந்திருக்கிறது. ‘ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நட்பு தேவையில்லை, அவர்கள் தங்கள் உலகத்திலேயே நிம்மதியாக இருப்பார்கள்’ என்று நம்புகிறவர்கள் இன்னும் ஏராளம். சிறப்பாசிரியராக நான் பார்த்த இளைஞர்களில் பெரும்பாலோர் நட்புக்கு ஏங்குகிறவர்கள்தான். கூட்டம் வேண்டாம், ஒருவரோ இருவரோ போதும் என்பார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கும் இடம்தான் அவர்களுக்கு அமைவதில்லை.

பயிற்சி வகுப்பால் கொஞ்சம் பயன் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் பையனைத் திருத்துவதைவிட அவனுக்கு ஏற்ற இடத்தைத் தேடுவதில்தான் உங்கள் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே, பழகுவதில் வரும் சிக்கல் முழுவதும் ஆட்டிசம் உள்ளவரிடம்தான் இருக்கிறது என்றே மருத்துவ உலகம் பேசி வந்தது. 2012இல் டேமியன் மில்டன் இதை மறுத்து எழுதினார். இவர் சமூகவியலாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர். ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போவது இரண்டு பக்கமும் நடக்கிறது என்பது அவருடைய வாதம். உங்கள் மகனுக்கு வகுப்பிலுள்ள மற்றவர்களின் மனம் புரியவில்லை என்றால், அவர்களுக்கும் இவன் மனம் புரியவில்லை. ஆனால் பயிற்சிக்கு அனுப்பப்படுவது இவன் மட்டும்தான்.

2017இல் நோவா சாஸன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை மிகவும் பாதித்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசிய சில வினாடிக் காட்சிகளைப் பார்த்தவர்கள், ‘இவரோடு பழகத் தோன்றவில்லை’ என்று உடனே முடிவுகட்டினார்கள். குரலை மட்டும் கேட்டவர்களும், ஒரு புகைப்படத்தை மட்டும் பார்த்தவர்களும்கூட அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு இல்லாமல் போனது. அவர்கள் சொன்ன விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. குரலும் முகபாவமும் நிற்கும் விதமும் வேறாக இருந்ததுதான் மற்றவர்களுக்கு உறுத்தியது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் இன்னொரு விதமாகச் சோதித்தார்கள். எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் வரிசையில் போன அளவுக்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் கூடுதலாக உதிர்ந்தன. பின்னர் இதையே இன்னும் நிறையப் பேரை வைத்துச் செய்தபோது, கலந்த வரிசையிலும் அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே இதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் இரண்டு முறையும் மாறாமல் இருந்த ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லவும் கேட்கவும் நன்றாகவே முடிந்தவர்கள். உங்கள் மகனுக்குப் பேசத் தெரியாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எங்கள் மையத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்ததைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன், இருபதைத் தாண்டிய இளைஞன் ஒருவன். இருவருக்கும் ரயில் பைத்தியம். ஒரு மேஜையில் சார்ட் தாளும் பென்சிலும் வைத்து உட்கார வைத்தோம். சிறியவன் தலை நிமிராமல், “வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது” என்றான். பெரியவன் தன் தாளைப் பார்த்தபடியே, “அப்போது மீட்டர் கேஜ்” என்றான். அதற்குப் பிறகு நெடுநேரம் பேச்சே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மாவுக்குத் தாங்கவில்லை. ‘அண்ணாவிடம் பெயர் கேள், எங்கே படிக்கிறார் என்று கேள்’ என்று எடுத்துக்கொடுக்க எழுந்துவிட்டார். கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினேன். சற்று நேரம் கழித்துச் சிறியவன் தன் தாளை மேஜையின் நடுவுக்குத் தள்ளி, “இன்ஜின் நான் வரைகிறேன். பெட்டிகளை நீங்கள் வரையுங்கள்” என்றான். பெரியவன் கேட்ட ஒரே கேள்வி, “ஐசிஎஃப் பெட்டியா, எல்எச்பி பெட்டியா?” இரண்டும் ரயில் பெட்டி வகைகள். அடுத்த சனிக்கிழமை இருவரும் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிவதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின.

நம் வீடுகளில் நட்பு என்றால் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து நலம் விசாரித்து அரட்டை அடிப்பது என்று வைத்திருக்கிறோம். உங்கள் மகனைப் போன்றவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இயல்பாக வருகிறது. நடுவில் ஒரு வேலை இருந்தால் பேச்சு அதிலிருந்து தானாகக் கிளம்பும். பேச்சு வராவிட்டாலும் பொழுது வீணாகாது.

அதனால் அவனுடைய ரயில் ஆர்வத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். ‘எப்போது பார்த்தாலும் ரயில், ரயில்’ என்று உறவினர்கள் சலித்துக்கொள்வார்கள். அவனுக்கு நண்பன் கிடைக்கப்போவது அந்த வழியாகத்தான். ரயில் ஆர்வலர்களுக்கு இந்தியா முழுக்க இணையக் குழுக்கள் இருக்கின்றன. இன்ஜின் எண்ணைக் குறித்துவைப்பதும் படம் எடுப்பதும் கால அட்டவணையை அலசுவதும் அங்கே மதிப்புள்ள வேலைகள். சென்னைக்கு வந்தால் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும், திருச்சிக்குப் போனால் அங்குள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் அவனைக் கூட்டிப்போங்கள். அவனைப் போலவே பெட்டியின் அடியில் குனிந்து பார்க்கும் இன்னொருவர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

ரயில் மட்டும் என்றில்லை. செஸ், ரூபிக்ஸ் க்யூப், நாணயம் சேர்ப்பது, கோடிங், பறவை பார்ப்பது என்று விதி தெளிவாகவும் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் இருக்கும் எதுவும் உதவும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நான் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து, எண்ணி, பட்டியலைப் பதிவேற்ற வேண்டும். அவ்வளவுதான். மெதுவாகப் பேச வேண்டும், சத்தம் கூடாது, எல்லோரும் வானத்தையோ மரத்தையோ பார்ப்பார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று அங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் சேர்ந்து நிற்பார்கள். நட்பு சமவயதில்தான் வர வேண்டும் என்பது பள்ளிக்கூடம் உண்டாக்கிய எண்ணம். ஆட்டிசம் உள்ள பல இளைஞர்களுக்கு முதல் நண்பர் பத்து வயது மூத்தவராகவோ, ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவாகவோ இருக்கிறார். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

இணைய நட்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2013இல் கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன், தாமும் தம் மகனும் ஆட்டிசம் உள்ளவர்கள் என்பதால், மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் ‘ஆட்கிராஃப்ட்’ என்ற பாதுகாப்பான இடத்தை உருவாக்கினார். கேலி செய்கிறவர்களுக்கு அங்கே இடமில்லை. எழுதிப் பேசும்போது முகபாவத்தைப் படிக்க வேண்டிய சுமை இல்லை, பதிலை யோசித்து அனுப்பலாம். மகன் கைப்பேசியில் யாரோடோ ரயிலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால், அது யார், என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு ‘வெளியே போய் நாலு பேரோடு பழகு’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி பயிற்சி வகுப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசனும் ஃப்ரெட் ஃபிராங்கெலும் உருவாக்கிய ‘பியர்ஸ்’ என்ற பயிற்சிக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அதில் பெற்றோருக்கும் தனி வகுப்பு உண்டு. எனக்குப் பிடித்தது, அது பெரியவர்களின் உபதேசத்தைச் சொல்லித்தருவதில்லை. பிள்ளைகளிடையே உண்மையில் எது பலிக்கிறது என்று பார்த்துச் சொல்லித்தருகிறது. உதாரணமாக, பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் சேர வேண்டுமானால் நேராகப் போய் ‘ஹாய், நான் இன்னார்’ என்று சொல்லக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று பேச்சு எதைப் பற்றி என்று கேட்க வேண்டும், அதில் தனக்குத் தெரிந்தது இருந்தால் ஓர் இடைவெளியில் அதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கவனிக்கவில்லை என்றால் மெதுவாக நகர்ந்துவிட வேண்டும். இப்படிப் படிப்படியாக உடைத்துச் சொன்னால் உங்கள் மகனுக்குப் பிடிக்கும், பயனும் தரும். இதை வீட்டிலேயே சொல்லித்தரலாம்.

ஆனால் கண்ணைப் பார், கையை ஆட்டாதே, சிரி என்று அவனுடைய இயல்பையே மூடி மறைக்கப் பழக்கும் வகுப்பு என்றால் சேர்க்காதீர்கள். இப்படி நாள் முழுதும் நடிப்பது சாதாரணச் சுமை இல்லை. பிரிட்டனில் ஸாரா காஸிடி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசத்தை மறைத்து நடிப்பதற்கும் தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். பெண்களிடம் இந்த நடிப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தோழிகள் சூழ இருப்பதாகத் தெரியும் பெண், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருப்பாள். அப்படிக் கிடைக்கும் நட்பு அவளுக்குக் கிடைத்ததல்ல, அவள் போட்ட வேடத்துக்குக் கிடைத்தது.

சந்திப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சில குறிப்புகள். முதல் சில முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எப்போது தொடங்கும், எப்போது முடியும், யார் யார் வருவார்கள் என்பது அவனுக்கு முன்பே தெரிய வேண்டும். ஒருவரோடு மட்டும் தொடங்குங்கள். மூன்று பேர் ஆனாலே யாரை எப்போது பார்ப்பது என்ற கணக்கு அவனைக் களைக்க வைத்துவிடும். மின்விசிறி இரைச்சலும் எதிரொலியும் உள்ள மண்டபத்தைவிடத் திறந்த மைதானமோ மொட்டை மாடியோ மேல். சத்தம் தாளாமல் எழுந்து போக வேண்டுமானால் போகலாம் என்று அவனுக்கும் வந்தவனுக்கும் சொல்லிவையுங்கள். தாமதம் செய்யாமல் முடித்துவிடுங்கள். நன்றாகப் போகிறதே என்று நீட்டிக் கடைசியில் அவன் சோர்ந்து சிடுசிடுத்தால், இருவர் மனத்திலும் அதுதான் நிற்கும்.

உறவுக் கூட்டங்களுக்கும் இதே யோசனை உதவும். கல்யாண வீட்டில் ‘மாமாவுக்கு வணக்கம் சொல், அத்தையிடம் பேசு’ என்று பின்னால் நின்று தள்ளினால் அவனுக்குத் திண்டாட்டம். பந்தியில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையோ, தாம்பூலப் பை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையோ சித்தப்பா பையனோடு சேர்த்து அவனிடம் கொடுத்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது. நான்கு பேர் அவனிடம் வருவார்கள், அவன் போக வேண்டியதில்லை. கோயில் அன்னதானம், கோடைக்கால நீர்மோர்ப் பந்தல் எல்லாம் இப்படிப்பட்ட நல்ல வாய்ப்புகள்.

இப்போது உங்கள் தம்பி. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒரே குடும்பத்தில் வருவது சகஜம், எனவே அதில் வியப்பில்லை. ஆனால் அவர் நட்பை இழந்த விதம் வேறாக இருக்கும். பழகுவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்காது, தொடர்வதுதான் கஷ்டம். நண்பன் அனுப்பிய செய்தியைப் பார்ப்பார், பிறகு பதில் போடலாம் என்று நினைப்பார், மறந்துவிடுவார். பத்து நாள் கழித்து நினைவு வரும்போது வெட்கமாக இருக்கும், அதனால் மேலும் தள்ளிப்போடுவார். எதிரில் இருப்பவர் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார். இவரோ, ‘என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று முடிவுகட்டுவார். ஏடிஹெச்டி உள்ள பலருக்குச் சின்னப் புறக்கணிப்பும் மிகக் கடுமையாக வலிக்கும். மறுபடி நிராகரிக்கப்படுவோமோ என்ற பயத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள்.

பள்ளியில் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததால் யாரையும் நினைவு வைத்து அழைக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது. அந்த ஏற்பாட்டை மீண்டும் உண்டாக்க வேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்கு ஷட்டில், வியாழன் இரவு 8 மணிக்கு ஓர் ஆன்லைன் விளையாட்டு என்று நாளும் நேரமும் மாறாத சந்திப்பாக இருக்கட்டும். யார் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வியே எழக் கூடாது. பழைய நண்பர் ஒருவருக்கு அவர் இப்படி எழுதலாம்: ‘நான் பதில் போடாமல் விட்டது உன் மேலுள்ள கோபத்தால் இல்லை. எனக்கு ஏடிஹெச்டி இருக்கிறது, பார்த்துவிட்டு மறந்துவிடுவேன். பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை கேள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.’ நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம், இது போதும். பெரும்பாலான நண்பர்கள் காரணம் தெரியாமல்தான் விலகியிருப்பார்கள்.

இருவர் விஷயத்திலும் பொறுமை வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நல்ல நண்பராவதற்கு 90 மணி நேரம், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கும் மேல். ஒரே வகுப்பிலோ அலுவலகத்திலோ வேலையாக உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. இது பொதுவாக எல்லோருக்குமான கணக்கு. வாரம் ஒரு மணி நேரம் என்றால் முதல் படிக்கே ஓராண்டு ஆகிறது. மூன்று முறை சந்தித்துவிட்டு ‘ஒன்றும் ஒட்டவில்லையே’ என்று கைவிட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நட்புக்கு ஏங்குகிறவர்களை ஏமாற்றுவது எளிது. டீக்குத் தினமும் இவன்தான் காசு கொடுக்கிறானா, வண்டி தேவைப்படும்போது மட்டும் அழைக்கிறார்களா, மற்றவர்கள் சிரிப்பதற்காக இவனை எதையாவது செய்யச் சொல்கிறார்களா என்று அவனே கேட்டுப் பார்க்கப் பழக்குங்கள். யுபிஐ ரகசிய எண்ணையும் ஓடிபியையும் எந்த நண்பனுக்கும் சொல்லக் கூடாது என்பது விதிவிலக்கில்லாத விதியாக இருக்கட்டும். ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போனால் என்ன செய்யலாம், எது கூடாது என்பதையும் வெட்கப்படாமல் பேசுங்கள், அப்பாவோ மாமாவோ பேசினாலும் சரி. இரண்டு செய்திகளுக்குப் பதில் வரவில்லை என்றால் மூன்றாவது அனுப்பக் கூடாது, பின்தொடர்ந்து போகக் கூடாது. ‘புரிந்துகொள்வான்’ என்று விட்டுவிட்டு, பிறகு புகார் வந்து தவிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்களுக்கு இதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

கல்லூரியைப் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு அவன் தகுதி பெறுவான். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டை வாங்கவில்லை என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். ஆனால் சக மாணவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவனுடைய முடிவு. சொல்ல விரும்பினால் நோயின் பெயரைப் போல அறிவிக்காமல், பயன்படும்படி சொல்லப் பழக்குங்கள்: ‘சத்தம் அதிகமானால் எழுந்து போய்விடுவேன், திரும்ப வருவேன். கிண்டலாகச் சொன்னால் எனக்குச் சட்டென்று புரியாது, நேராகச் சொல்லிவிடு.’ பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் அடியாக ஒன்று செய்யுங்கள். அவனிடம் முகம் சுளிக்காமல் பேசும் ஒரு பையனாவது வகுப்பில் இருக்கிறானா என்று கேளுங்கள். ‘நண்பன் யார்’ என்று கேட்டால் யாருமில்லை என்பான். ‘யார் பக்கத்தில் உட்கார்ந்தால் உனக்குப் பரவாயில்லை’ என்று கேளுங்கள். பெயர் வந்தால், செய்தியை அவனே அனுப்பட்டும்: ‘ஞாயிறு காலை ஜங்ஷனில் வைகை எக்ஸ்பிரஸ் கிளம்புவதைப் பார்க்கப் போகிறேன். நீயும் வருகிறாயா? அரை மணி நேரம்தான். அப்புறம் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.’ வர முடியாது என்றால் சில நாள் கழித்து வேறொரு நாளைச் சொல்லி இன்னொரு முறை கேட்கலாம். அதற்கும் இல்லை என்றால் அடுத்த பெயர்.

பொதுத்தேர்வு முடியட்டும் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடைசித் தேர்வு எழுதிய அன்றே அந்த வகுப்பு கலைந்துவிடும். அதற்குள் ஒரு பையனின் கைப்பேசி எண்ணாவது அவனிடம் இருக்க வேண்டும்.